மூன்று சொம்புத் தண்ணீர்

போன மாதம் மருமகள் என்னைக் கோயமுத்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனாள். என் கை நடுங்குகிறது, பரிமாறும்போது கரண்டி தட்டில் பட்டுத் தாளம் போடுகிறது என்று அவளுக்குக் கவலை. டாக்டர் சின்னப் பையன். முட்டியில் சுத்தியலால் தட்டினார். உள்ளங்காலில் சாவியால் கீறினார். பிறகு திருநீறு கலையாமல் என் புருவ மத்தியில் ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு தட்டுக்கும் கண் சிமிட்டியது. நாலைந்து தட்டுக்கு அப்புறம் சிமிட்டவில்லை. அவர் தட்டிக்கொண்டே இருந்தார், நான் விழித்துக்கொண்டே இருந்தேன்.

"பயப்பட ஒண்ணுமில்லைம்மா. வயசுக்கு உண்டான நடுக்கம்தான்" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மருமகள் பயந்துபோனாள். நோய்க்குப் பயந்து அழவில்லை. அந்தத் தட்டல் எனக்கு ஏற்கனவே தெரியும். பத்து வயதில் என் அப்பாவின் நெற்றியில் அதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் நான் செய்தது என்ன என்று எனக்குப் புரிந்தது.

நாடுகாணிக்கு இந்தப் பக்கம் அந்தத் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் என்னோடு கூட வளர்ந்தவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்துக் கோணலாக இருந்தாலும் சமாளித்து வாசித்துவிடுங்கள். அன்றைக்குக் கோயில் முன்னால் நீங்களும் நின்றீர்கள். பெரியவர்கள் கத்தியபோது நீங்களும் கத்தினீர்கள். அதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. உங்களுக்கு விஷயம் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

தேயிலை விலை விழுந்த வருஷம் அது. அதற்கு முந்தைய வருஷம் வரைக்கும் அதிகாலையில் ஃபேக்டரிச் சங்கு ஊதும், கொழுந்து வாடுகிற வாசம் லைன் வரைக்கும் இறங்கும், பச்சைத் தழையும் வெந்நீரும் கலந்த மாதிரி. அந்த மழைக்காலத்தில் சங்கு நின்றுபோனது. பாதிப் பேருக்கு இனி வேலை இல்லை என்று பெரிய தொரை எழுதி ஒட்டினார். லைன் மொத்தமும் மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தது. எல்லோருக்கும் வேலை என்கிற வரைக்கும் ஒருத்தரும் ஃபேக்டரிப் படி மிதிக்கக் கூடாது.

முதல் வாரம் பாட்டும் கோஷமுமாகப் போனது. இரண்டாவது வாரம் பசி வந்தது. பசி வந்ததும் கை நீண்டது. தொரையின் ஜீப்பைக் கல்லால் அடித்து டிரைவரின் பல்லை உடைத்தார்கள். அந்தப் பல்லை நாம்தான் சாலையில் கண்டெடுத்தோம், நினைவிருக்கிறதா? வேரோடு இருந்தது. தீப்பெட்டியில் போட்டு ஆளுக்கு ஒரு நாள் வைத்துக்கொண்டோம். புருஷன்கள் பெண்டாட்டிகளை அடித்தார்கள். பெண்டாட்டிகள் நம்மை அடித்தார்கள். நாம் நாய்களை அடித்தோம். அட்டை கடித்து ரத்தம் வழிகிற காலோடு ஓடி ஓடி அடித்தோம்.

என் அப்பாவுக்கு ஃபேக்டரியில் அடுப்பு வேலை. தேயிலையைக் காயவைக்கும் மெஷினுக்குச் சூடு கொடுக்கிற பெரிய அடுப்பு அது. யூகலிப்டஸை நாங்கள் கற்பூர மரம் என்போம். அந்தக் கட்டைகளை உள்ளே தள்ளி, சூடு ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொள்வார். கை மயிர் எல்லாம் கருகி மொழுமொழு என்று இருக்கும். அந்த அடுப்பில் அவருக்கு ஒரு பெருமை.

"என் கை படாம அந்த அடுப்பு எரிஞ்சிருமா? எரிஞ்சா நான் ஒரு பக்க மீசைய எடுத்துக்கறேன்" என்று அம்மாவிடம் சொல்லுவார். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் சொல்லுவார், கோயிலில் சொல்லுவார், கட்டை பிளந்து கொடுக்கிற அவருடைய கூட்டாளியிடம் தினமும் சொல்லுவார். அந்தக் கூட்டாளியை நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். ரத்த உறவு இல்லை. ஆனால் காது குத்தும்போது என்னை மடியில் வைத்துக்கொண்டவர் அவர்தான்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் விடிந்தபோது ஃபேக்டரிப் புகைக்கூண்டில் புகை வந்துகொண்டிருந்தது.

யாரோ உள்ளே போய் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். வேறு எங்கிருந்தோ லாரியில் வந்த கொழுந்தைத் தூளாக்கி, பெட்டியில் அடைத்து அனுப்பியும் ஆகிவிட்டது. கூட்டம் கேட்டை உடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது அடுப்பில் தணல் மட்டும் இருந்தது, ஆள் இல்லை.

கூட்டம் திரும்பி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது.

"உன் கை படாம எரியாதுன்னு நீதானே சொன்னே?" பெரியப்பா கேட்டார்.

"சொன்னேன். ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே அண்ணா."

"பேச்சுக்கா? அப்ப மூட்டுனது ஆரு, பேயா?"

"ஏனுங்க, அவரு ஊட்லதானுங்க இருந்தாரு" என்று அம்மா முன்னால் வந்தாள். "புள்ளைக்குக் காச்சலுங்க. விடிய விடிய சுடுதண்ணி வெச்சுக் குடுத்துட்டு உக்காந்திருந்தாருங்க."

"கட்டுனவ நீ வேற என்ன சொல்லுவே!" என்று எஸ்டேட் லாரி கிளீனர் கத்தினான். வேலை போனவர்கள் பட்டியலில் அவன் அண்ணன் பெயர் இருந்தது. கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு என் காதில் இன்னும் இருக்கிறது.

அம்மா சொன்னது நிஜம். அன்றைக்கு விடியும்போது அப்பாவின் கை என் நெற்றியில் இருந்தது. நான் சொன்னேன். பத்து வயதுப் பெண்பிள்ளை சொன்னதை யாரும் கேட்கவில்லை.

பூசாரிதான் நடுவில் வந்தார். "நாம ஆரு தீர்ப்புச் சொல்றதுக்கு? மாரியம்மா சொல்லட்டும். செவ்வாக்கிழமை உங்க ஊட்டுக் கெடாயைக் கொண்டாங்க. துலுக்கு கேட்டுருவோம்."

துலுக்கு என்றால் உங்களுக்குத் தெரியும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சாமிக்கு வெட்டும் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறிச் சிலிர்த்தால் சாமி சம்மதம் கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். சிலிர்க்காவிட்டால் வெட்டக் கூடாது. எங்கள் லைனில் அதையே வழக்குத் தீர்க்கவும் வைத்திருந்தார்கள். சந்தேகப்பட்டவன் வீட்டுக் கிடாய்க்கு மூன்று சொம்புத் தண்ணீர். மூன்றுக்குள் துலுக்கினால் அவன் மேல் குற்றமில்லை. துலுக்காவிட்டால் அம்மன் அவனைக் கைவிட்டுவிட்டாள்.

எங்கள் வீட்டுக் கிடாய் என் கிடாய். கறுப்பு உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. குட்டியில் தாய் செத்துப்போய், துணியைப் பாலில் நனைத்து நான் சப்பக் கொடுத்து வளர்த்தது. மழை பெய்தால் என் பாவாடைக்குள் தலையை விட்டுக்கொள்ளும்.

துலுக்கினால் கிடாய் சாகும். துலுக்காவிட்டால் அப்பாவை என்ன செய்வார்கள் என்று தெரியாது. நான் யோசிக்கவே இல்லை. அப்பாவைத்தான் கேட்டேன். மாரியம்மா, என் கிடாயை எடுத்துக்கோ, அப்பாவைக் குடு என்று வேண்டினேன்.

வேண்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அன்றைக்கு என்னவோ அது மறந்துபோய் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயம். திங்கட்கிழமை மதியம் கிடாயைக் கழிவு வாய்க்காலுக்குப் பின்னால் இழுத்துப் போய், பித்தளைச் சொம்பில் தண்ணீர் மொண்டு அதன் முதுகில் ஊற்றினேன். உடனே மூக்கிலிருந்து வால் வரைக்கும் சடசடவென்று உதறியது. என் மூஞ்சியெல்லாம் தண்ணீர். சந்தோஷம் தாங்கவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டேன். மறுபடி ஊற்றினேன். மறுபடி உதறியது. சொல்லிக் கொடுத்தால் படிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை அப்படித்தானே நாம் படித்தோம், திரும்பத் திரும்பச் சொல்லி? ஊற்றிக்கொண்டே இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையிலும் ஊற்றினேன். நேரம் ஆக ஆக உதறுவது குறைந்தது. கடைசியில் தோல் மட்டும் ஒரு இடத்தில் துடித்தது. அப்புறம் அதுவும் இல்லை. தண்ணீர் வழிய வழிய என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

சாமிக்கென்று மிச்சம் வைத்திருக்கிறது என்று நினைத்தேன். ஆணையாக அப்படித்தான் நினைத்தேன்.

கோயில் முன்னால் நின்ற கூட்டத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா சட்டை இல்லாமல், திருநீறு பூசி, கிடாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் பயமே இல்லை. அம்மன் தன்னைக் கைவிடமாட்டாள் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்கூட.

பூசாரி முதல் சொம்பு ஊற்றினார். கிடாய் நின்றது.

இரண்டாவது சொம்பு. காது மட்டும் லேசாக அசைந்தது. "துலுக்கு தாயே, துலுக்கு!" என்று அம்மா அலறினாள்.

மூன்றாவது சொம்பைத் தலையிலிருந்து வால் வரைக்கும் நிதானமாக ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் வயிற்றின் இரண்டு பக்கமும் சொட்டியது. கிடாய் என் பக்கம் முகத்தைத் திருப்பி, காலையில் வாய்க்காலுக்குப் பின்னால் நின்றது மாதிரியே நின்றது.

பிறகு அப்பாவின் குரல் வந்தது. "இன்னொரு சொம்பு ஊத்துங்க சாமி. ஒண்ணே ஒண்ணு."

"மூணுதான் கணக்கு" என்றார் பூசாரி. காலிச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார்.

"துரோகி ஊட்டு ஆடு எப்படிடா துலுக்கும்?" என்றபடி லாரி கிளீனர் பாய்ந்து வந்தான். துலுக்காத ஆட்டை வெட்டக் கூடாது என்று பூசாரி கத்துவதற்குள் அரிவாள் இறங்கிவிட்டது. தலை அப்பாவின் காலடியில் விழுந்தது, கயிறு அவர் கையிலேயே இருந்தது. உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தது. சாய்ந்த உடம்பு உதற ஆரம்பித்தது. நாலு காலும் மண்ணை உதைத்தன. முதுகுத் தோல் அலை அலையாகத் துடித்தது. ரத்தமும் மஞ்சள் தண்ணீரும் எங்கள் மேலெல்லாம் தெறித்தன.

"இப்பத் துலுக்குது பாருங்கடா!" என்று அவன் சிரித்தான்.

எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. அம்மன் கேட்டுவிட்டாள், கொஞ்சம் தாமதமாகக் கேட்டுவிட்டாள் என்றுதான் பட்டது. "துலுக்கிருச்சு! துலுக்கிருச்சு! எங்கப்பாவ விட்ருங்க!" என்று கத்திக்கொண்டு ஒவ்வொருவர் காலாகப் போய் விழுந்தேன். உங்களில் ஒருத்தியின் அம்மா என்னை முழங்காலால் தள்ளிவிட்டாள்.

அப்பாவை அடித்தார்கள். முதல் அடி பெரியப்பா அடித்தது. அவர் கையில் கற்பூர மரக் கட்டை, அப்பாவின் அடுப்புக்கென்று அவரே பிளந்தது. முதல் அடி தலையில். அப்பா கீழே குப்புற விழுந்து வலது கையை மண்ணில் ஊன்றினார். இரண்டாவது அடி அந்தக் கையின் மேல்பக்கம், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், பின்புறமாக விழுந்தது. அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. அப்புறம் எத்தனை பேர் உதைத்தார்கள் என்று தெரியாது. கால்கள்தான் தெரிந்தன. கட்டை அடிக்கும்போதெல்லாம் மருந்து எண்ணெய் மாதிரி மணத்தது. இன்றைக்கும் யூகலிப்டஸ் தைலத்தை யாராவது திறந்தால் எனக்குக் குமட்டும்.

எல்லோரும் ஓய்ந்த பிறகு அம்மாவும் நானும் அவரைக் கம்பளியில் போட்டு இழுத்துக்கொண்டு எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனோம். கம்பவுண்டர் நிலம்பூர்க்காரர். பாதி தமிழும் பாதி மலையாளமும் பேசுவார். பார்த்ததும் திட்டத்தான் ஆரம்பித்தார்.

"எந்தா இது? மனுஷனா, மாட்டெறச்சியா? ஆரு அடிச்சது?"

கம்பவுண்டர் அப்பாவின் வலது கையைத் தொட்டுத் தடவினார். "எல்லு பொட்டலை" என்றார். எலும்பு உடையவில்லை என்று அர்த்தம், எலும்பை அவர் எல்லு என்பார். "கையை நீட்டு. மணிக்கட்டை மேலே தூக்கு."

அப்பா முயன்றார். நெற்றி நரம்பு புடைத்தது. முழங்கை மடங்கியது. மணிக்கட்டு மட்டும் செத்த கோழியின் கழுத்து மாதிரி தொங்கியது. விரல்களும் எழவில்லை. கம்பவுண்டர் ஊசியை எடுத்துக் கட்டைவிரலுக்குப் பின்னால் குத்தினார். ரத்தம் வந்தது, அப்பா முகம் சுளிக்கவில்லை.

"கை போயிருச்சுங்களா?" அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மன் கொடுத்த தண்டனைன்னு சொல்லுவாங்களே!"

"என்ன அம்மன்? மேல்கை எல்லு மேல சுத்திக்கிட்டு ஒரு நரம்பு கீழே வருது. தலையிலேருந்து செய்தி அது வழியாத்தான் கைக்கு வரணும். கட்டை அதும்மேல விழுந்திருக்கு. சதைக்கு ஒரு சீக்கும் இல்லை. அது சும்மா காத்துட்டு உக்காந்திருக்கு. செய்தி வந்து சேரலை, அவ்வளவுதான்."

"எப்ப வருமுங்க?"

"நரம்பு ஒரு மாசத்துக்கு ஒரு இஞ்சு வளந்தா ஜாஸ்தி. நாலு மாசம், அஞ்சு மாசம். அதுவரைக்கும் கையைத் தொங்க விடாதே, சதை சுருங்கிரும். அந்தக் கையால பீடி குடிக்க முடியாது, அது ஒண்ணுதான் லாபம்."

தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றை உடைத்து, மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுத்துக் கட்டினார். பலகையின் ஒரு பக்கம் ஈயத்தாள் ஒட்டியிருந்தது. வெளிப்பக்கம் பெட்டியின் மேல் அடித்த கறுப்பு எழுத்தில் பாதி. அந்தப் பலகை பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. எத்தனை வீடு மாறினோம்.

தலையிலும் அடி என்பதால் கடைசியாக அப்பாவின் புருவ மத்தியில் விரலால் தட்டிப் பார்த்தார். அப்பா கண்ணைச் சிமிட்டினார். இன்னொரு தட்டு, இன்னொரு சிமிட்டல். ஐந்தாறு தட்டுக்கு அப்புறம் கண் அப்படியே திறந்து நின்றுவிட்டது.

"ஏனுங்க! சிமிட்டறது நின்னு போச்சுங்களே!" அம்மா பதறிவிட்டாள்.

"நின்னாத்தான் நல்லது. மொதல்ல தட்டினா உடம்பு பதறும். ஒண்ணும் ஆகலைன்னு தெரிஞ்சா பதறாது, பழகிரும். ஆடு மாடு, மனுஷன், எல்லாத்துக்கும் இதுதான். விடாம சிமிட்டிக்கிட்டே இருந்தாத்தான் சீக்கு."

நான் மருந்து அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஆடு மாடு என்றாரே, அந்த இடத்தில் வாய்க்காலுக்குப் பின்னால் நான் ஊற்றிய தண்ணீர் நினைவுக்கு வந்தது. வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அன்றைக்குச் சாப்பிட்டது ஒன்றுமே இல்லை. வெறும் தண்ணீர்தான் வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்?

அதற்குப் பிறகு நடந்தவை உங்களுக்கும் தெரியும். ஸ்டிரைக் தானாக நீர்த்துப்போனது, பாதிப் பேருக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தது, மீதிப் பேர் கூடலூர்ப் பக்கம் கூலிக்குப் போனார்கள். எங்களை மட்டும் ஒதுக்கி வைத்தார்கள். குழாயில் அம்மா குடம் வைத்தால் உதைத்துத் தள்ளினார்கள். அவள் ஓடை வரைக்கும் இறங்கி ஏறினாள். எங்கள் தகரக் கூரையில் பட்டப்பகலில் கல் விழும். பள்ளிக்கூடத்தில் நீங்கள் எல்லோரும் மணிக்கட்டைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் முன்னால் நடந்தீர்கள். "தொங்கக்கை மகளே, அடுப்பு எரியுதாடி?" என்று கேட்டவளின் வாயில் நான் சிலேட்டால் அடித்தேன். உன் மேலுதட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருந்தால், அது என் கையால் வந்தது. மன்னித்துக்கொள்.

அப்பா பலகையைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். தினமும் குளித்துத் திருநீறு பூசி, பலகையை அவிழ்த்து, மணிக்கட்டைத் தூக்கப் பார்ப்பார். தூங்கும் பிள்ளையை எழுப்புகிற மாதிரி கையைப் பார்த்து மெதுவாகப் பேசுவார். அது எழாது. கோயில் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்கவே மாட்டார்.

தை மாதம் பிறந்தது. திருவிழாவுக்கு முன்னால் பூசாரி சொல்லி அனுப்பினார். அம்மன் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டால் எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம்.

அன்றைக்கு மதியம் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நான்தான் மூட்டுனேன்னு சொல்லிப்போடறேன். நீ இன்னும் எத்தனை நாளைக்கு ஓடைக்கு நடப்பே?"

"செய்யாததச் செஞ்சேன்னு அம்மன் முன்னாடியா சொல்லுவீங்க?"

அப்பா மணிக்கட்டிலிருந்து பலகையை அவிழ்த்துக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "செய்யலைன்னு எனக்கே இப்பத் தெரியலை புள்ள. தூக்கத்துல எந்திரிச்சுப் போயிட்டனோ என்னமோ. இல்லாட்டி அவ ஏன் துலுக்க மாட்டேன்னா? அவ பொய் சொல்லுவாளா?"

முறம் என் கையிலிருந்து விழுந்தது. ஊர் நம்பாததை நான் தாங்கிக்கொண்டேன். அவரே தன்னை நம்பாமல் போனதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. உள்ளே போய் அவர் முன்னால் நின்றேன்.

"அப்பா, நான்தாம்ப்பா. நான் தண்ணி ஊத்தி ஊத்திப் பழக்குனேன். அன்னைக்கும் மொத நாளும். சொம்பு சொம்பா. மொதல்லெல்லாம் துலுக்குச்சுப்பா. நல்லாத் துலுக்குச்சு. அப்புறம் பழகிப்போச்சு. உங்க கண்ணு சிமிட்டறது நின்னுச்சே, அந்த மாதிரி."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் மாறியது. அந்த முகத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. அடித்தவர்களைக்கூட அவர் அப்படிப் பார்க்கவில்லை.

"நாலு மாசமா..." என்றார். "அவ என்னையக் கைவிட்டுட்டான்னு நாலு மாசமா நெனச்சுக் கெடந்தனேடி!"

என்னை ஒரு நாளும் தொட்டு அடிக்காத மனிதர், எழுந்து, வலது கையை ஓங்கினார். அடிபட்ட கை, அப்போதுதான் பலகையை அவிழ்த்திருந்தார். பழக்கத்தில் அந்தக் கைதான் வந்தது. அறை கன்னத்தில் விழுந்தது. நான் சுவரில் போய் மோதினேன்.

அம்மாதான் முதலில் பார்த்தாள். "ஏனுங்க!" என்றாள். "ஏனுங்க, கை!"

அப்பா ஓங்கிய கையை இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தார். மணிக்கட்டு எழுந்தது. முழுசாக இல்லை, நடுங்கிக்கொண்டு, சிலிர்த்துக்கொண்டு, நாலு விரல் உயரத்துக்கு எழுந்து நின்றது. கம்பவுண்டர் சொன்ன நாள் வந்திருந்தது, அவ்வளவுதான். கோபம் நரம்பை வளர்க்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் எழுந்ததை நாங்கள் பார்த்தது அந்த நேரத்தில்தான்.

"வலிச்சுதா கண்ணு?" அப்பா என் பக்கத்தில் குனிந்தார்.

"வலிச்சுதுப்பா. நல்லா வலிச்சுது." நான் அழுதுகொண்டே இன்னொரு கன்னத்தைக் காட்டினேன். "இன்னொருக்கா அடிங்கப்பா. கையத் தூக்கி அடிங்க."

அவர் என்னை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். அழுகை நின்றதும் நான் சொன்னேன், கோயிலுக்குப் போய் எல்லோரிடமும் உண்மையைச் சொல்கிறேன் என்று. அவர் என் வாயைப் பொத்தினார். அந்தக் கையாலேயே.

"இது உங்கம்மாளுக்கும் எனக்கும் உனக்கும்தான். வேற ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அம்மன் வழக்குல கைய வெச்சவன்னு உன்னைய என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும். அந்தக் கட்டை எப்படி விழும்னு எனக்குத் தெரியும் கண்ணு."

"அப்ப பொய் சொல்லுவீங்களா?"

"அவ என்னையக் கைவிடலை. அது தெரிஞ்சு போச்சு. இனி இவங்ககிட்ட என்ன சொன்னா என்ன."

அன்றைக்குச் சாயங்காலம் எல்லோர் முன்னாலும் நின்று, நான்தான் அடுப்பு மூட்டினேன் என்று அப்பா சொன்னதைக் கேட்டீர்கள். பூசாரி அவருடைய வலது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டியதைப் பார்த்தீர்கள். "உண்மையச் சொன்னான், மாரியம்மா கையைத் திருப்பிக் கொடுத்துட்டா!" என்றார் அவர். பெண்கள் குலவை போட்டார்கள். பெரியப்பா மண்ணில் விழுந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு ஓ என்று கதறினார். அப்பா அவரைத் தூக்கி நிறுத்தினார். மன்னிக்கப்பட்டவன் முகம் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். அது குற்றமே செய்யாதவன் முகம்.

அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் அவர் அந்தப் பேரோடுதான் வாழ்ந்தார். சத்தியத்தை மீறியவன், அம்மன் மன்னித்தவன். அவர் சாவுக்கு வந்தவர்கள்கூட அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் பிணத்தின் கால்மாட்டில் உட்கார்ந்து வாயைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கொடுத்த வாக்கு.

அந்த வாக்கை இன்றைக்கு மீறுகிறேன். என்னை அடிக்க இனி யார் இருக்கிறார்கள்? அந்த அடுப்பை மூட்டியது யார் என்று எனக்குத் தெரியாது. என் அப்பா மூட்டவில்லை. அன்றைக்கு விடியும்போது அவர் கை என் நெற்றியில் இருந்தது. மாரியம்மன் மேலும் தப்பு இல்லை. கிடாய் துலுக்காமல் போனது நான் ஊற்றிய தண்ணீரால். உங்களில் யாராவது கோயில் பக்கம் போனால், அவள் முன்னால் நின்று இதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள். அவளுக்குத் தெரியும். அந்த இடத்துக்குத் தெரிய வேண்டும்.

அன்றைக்குக் குலவை அடங்கிய பிறகு பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டினார். நாலு மாதத்துக்கு அப்புறம் அப்பா அதில் கை வைத்தார். திருநீற்றை எடுத்து முதலில் எனக்குப் பூசினார். விரல்கள் சரியாக நிற்கவில்லை. புருவ மத்தியில் பட்டுப் பட்டு நழுவின, ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்தாறு தடவை. அவர் அறைந்த கன்னம் எரிந்துகொண்டிருந்தது. நான் கண்ணைச் சிமிட்டாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.